ஒரு கடுவன், எட்டு வருஷம்: கிளிநொச்சிப் பக்கத்து அல்சேஷன் நாய்களில் நெருங்கிய இரத்தச் சேர்க்கை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக வேலை செய்கிறேன். மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்வதுதான் அன்றாட வேலை. அதனால் ஊரில் "ஊசி போடுற தம்பி" என்றால்தான் என்னைத் தெரியும். நாய்கள் என் கடமைக்குள் வருவதில்லை. சின்ன வயதிலிருந்து வீட்டில் நாய் வளர்த்த பழக்கம் இருப்பதால் ஆட்கள் கேட்பார்கள், நானும் போவேன். இங்கே எழுதுவது 2022 முதல் 2025 வரை ஒரு பெட்டை நாயையும் அதற்குக் கடுவன் (ஆண் நாய்) தேடிய வீடுகளையும் பற்றியது. ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன், நாய்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வன்னியில் இன்றைக்கு இருக்கும் சாதி நாய்களின் கதை மிகக் குறுகியது. 2008இலும் 2009இலும் சனம் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தபோது நாய்களைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. மீளக்குடியேறிய வீடுகளில் ஊர் நாய்கள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ஜேர்மன் ஷெப்பர்ட் நாய்கள், அதாவது எங்கள் ஆட்கள் இன்னும் அல்சேஷன் என்று சொல்லும் நாய்கள், பிறகுதான் ஒன்றிரண்டாகக் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தன. நான் போய்ப் பார்த்த எந்த வீட்டிலும் 2009க்கு முந்திய நாயின் வழி ஒன்றுகூட இல்லை.

அப்படி வந்தவற்றில் ஒன்றுதான் சீசர். 2014இல் பரந்தன் பக்கத்துக் கடை முதலாளி ஒருவர் கொழும்பிலிருந்து பேப்பரோடு, அதாவது தாய் தகப்பன் வழி எழுதிய சான்றோடு, வாங்கி வந்த கடுவன் குட்டி. வளர்ந்தபின் ஆளைக் கண்டு தேவையில்லாமல் குலைக்காது, பிள்ளைகளோடு சேரும், நடை அழகு. வேறு கடுவன் இல்லாத நேரம் அது. 2015 கடைசியிலிருந்து பரந்தன், தருமபுரம், விசுவமடு, அக்கராயன், மாங்குளம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பெட்டைகளைச் சீசரிடம்தான் கொண்டுவந்தார்கள்.

2022 ஜூலை

இந்த ஆய்வின் நடுவில் நிற்கும் நாய் ராணி. 2019 மார்ச்சில் பிறந்தது. தகப்பன் சீசர், தாய் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெட்டை. தருமபுரம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரின் வீட்டில் வளர்கிறது. 2021இல் வவுனியாக் கடுவன் ஒன்றோடு சேர்த்து, முதல் ஈற்றில் எட்டுக் குட்டி போட்டு ஏழு தப்பின. இரண்டாம் முறையும் அதே கடுவனிடம் போவது என்றுதான் ரீச்சர் நினைத்திருந்தார்.

2022 ஜூன் 27ஆம் திகதி ராணிக்கு வேட்கை வந்து இரத்தக் கசிவு தொடங்கியது. அடுத்த நாளிலிருந்து நாடு முழுக்க அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. தருமபுரத்திலிருந்து வவுனியா போய்வர 180 கிலோமீற்றருக்கு மேல். வான் பிடிக்கக் காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. கியூஆர் குறியால் எரிபொருள் பங்கிடும் முறை வந்தபிறகும் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். பெட்டை நாய் இதற்கெல்லாம் காத்திராது. கசிவு தொடங்கி ஒன்பதாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாள் வரையில்தான் பெரும்பாலும் கடுவனை ஏற்கும். அது போனால் அடுத்த வேட்கைக்கு ஆறேழு மாதம்.

ரீச்சர் என்னைக் கூப்பிட்டார். சீசர் ராணியின் தகப்பன் என்பது எல்லாருக்கும் தெரியும், அது வேண்டாம் என்று அவரே சொன்னார். விசுவமடுவில் சிங்கன் என்று இன்னொரு கடுவன் நின்றது. பெரிய தலை, நல்ல உடம்பு, மூன்றரை வயது.

"அது வேற ஆளின்ர நாய்தானே தம்பி, பிறகென்ன?"

நானும் சரி என்றேன். மாட்டுக்கு ஊசி போடப் போனால் அட்டையைப் பார்த்து, இந்த நாகு எந்தக் காளைக்குப் பிறந்தது என்று கேட்காமல் விந்துக் குழலைத் தொடமாட்டேன். குண்டசாலை அரச விந்து நிலையத்திலிருந்து வரும் ஒவ்வொரு குழலிலும் காளையின் இலக்கம் அச்சடித்திருக்கும். அந்தக் கேள்வியைச் சிங்கனைப் பற்றி நான் கேட்கவில்லை. வேறு ஊர், வேறு வீடு, வேறு ஆள் என்பதை வேறு இரத்தம் என்று எடுத்துக்கொண்டேன். இந்த நிகழ்வில் நடந்த முதல் பிழை அதுதான். அது என்னுடையது.

ஜூலை 7ஆம், 9ஆம் திகதிகளில் பின்னேரம் சிங்கனைப் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் சங்கிலியில் நடத்திக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளும் சேர்க்கை நன்றாக நடந்தது.

குட்டிகள்

செப்ரெம்பர் 9ஆம் திகதி ராணி ஐந்து குட்டி போட்டது. ஒன்று செத்தே பிறந்தது. இன்னொன்று பால் இழுக்கச் சக்தியில்லாமல் மூன்றாம் நாள் போனது. மூன்று மிஞ்சின.

நாலாம் கிழமை அரிசிக் கஞ்சியும் மீனும் பிசைந்து வைக்கத் தொடங்கியபோதுதான் மூன்றில் ஒரு பெட்டைக் குட்டியின் கோளாறு தெரிந்தது. தின்னும், பத்து நிமிஷத்தில் அப்படியே வெளியே வரும். வயிற்றைக் குமட்டி வாந்தி எடுக்கவில்லை. தின்ற சாப்பாடு தின்ற நிறத்திலேயே, உருளையாக, எந்த முயற்சியும் இல்லாமல் வழுகி விழும். ரீச்சர் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார். கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனபோது, உணவுக்குழாய் விரிந்து தளர்ந்திருக்கிறது, சாப்பாடு இரைப்பைக்கு இறங்காமல் அங்கேயே தேங்குகிறது என்றார். இந்த இனத்தில் பிறவியிலேயே கூடுதலாகக் காணப்படும் கோளாறு அது. முன்காலைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்துச் சாப்பாடு கொடுத்து, அரை மணித்தியாலம் அப்படியே வைத்திருக்கச் சொன்னார். எழுபது வயது ரீச்சர் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் குட்டியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தார். பத்தாம் கிழமை சாப்பாடு சுவாசக் குழாய்க்குள் போய், நெஞ்சில் சளி கட்டிக் குட்டி செத்தது.

மிஞ்சிய இரண்டில் கடுவன் குட்டிக்கு ஒரு விதைதான் இறங்கியிருந்தது. வழக்கமாக இரண்டு மாதத்துக்குள் இரண்டும் இறங்கிவிடும். ஆறு மாதம் வரை பார்த்தோம், மற்றது இறங்கவேயில்லை.

ஒரு ஈற்றை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தூரத்து இரத்தம் சேர்ந்த ஈற்றிலும் குட்டி சாகும், விதை இறங்காமல் நிற்கும். ஆனால் குட்டித் தொகை குறைந்து, பிறந்தவுடன் சாவு கூடி, மறைந்து கிடந்த பிறவிக் குறைகள் ஒரே ஈற்றில் இரண்டு மூன்றாக வெளியே வந்தால், நெருங்கிய இரத்தம் சேர்ந்ததா என்று கேட்காமல் விடக்கூடாது. மாட்டில் அப்படி நடந்திருந்தால் நான் முதல் நாளே கேட்டிருப்பேன்.

கலண்டர்கள்

சிங்கனின் பேப்பரைக் கேட்டேன். பேப்பர் இல்லை, வாங்கிய இடம் மட்டும் தெரியும் என்றார்கள். வாங்கிய இடம் பரந்தன் கடை.

முதலாளி முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "என்ர நாயில என்ன குறையைக் கண்டனீர்?" என்று கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சீசரில் குறை ஒன்றும் இல்லை. அதை அவரிடம் இரண்டு மூன்று தடவை போய்ச் சொன்னபிறகு, ஒரு நாள் பின்னேரம் கடையின் பின்னறையிலிருந்து பழைய கலண்டர்களைச் சுருளாக எடுத்துவந்தார். 2015இலிருந்து ஒவ்வொரு சேர்க்கையையும் அந்தந்தத் திகதியில் பேனையால் எழுதி வைத்திருந்தார்: எந்த ஊர், யாருடைய நாய், எத்தனை குட்டி, கூலி வந்ததா. கடன் கணக்கு எழுதுகிற மனுஷன், இதையும் அப்படியே எழுதியிருக்கிறார். அந்தக் கலண்டர்கள் இல்லாவிட்டால் இந்த ஆய்வே இல்லை.

நாற்பது பக்கக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் தகப்பன், தாய் என்று கோடு போட்டு வரைந்தேன். அக்கராயன் பெட்டை ஒன்றுக்கும் சீசருக்கும் 2016இல் பிறந்த லைக்கா என்ற பெட்டைக் குட்டி, கடுவன்காரருக்கான கூலியாக முதலாளியின் வளவுக்கே வந்திருக்கிறது. தகப்பனும் மகளும் ஒரே வளவில் வளர்ந்து, 2018இல் லைக்கா சீசருக்கே சினைப்பட்டிருக்கிறது. அந்த ஈற்றில் வந்ததுதான் சிங்கன். அதாவது சிங்கனுக்குச் சீசர் தகப்பன், தாய்வழிப் பாட்டனும் அதுவே.

ஒரு குட்டிக்குத் தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே மூதாதையின் அதே மரபணுப் பிரதி வந்து சேரும் வாய்ப்பைத்தான் உள்ளினக் கெழு என்று கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கைச் சூவல் ரைட் 1922இல் வகுத்துத் தந்தார். தகப்பனையும் மகளையும் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு 25 வீதம். தகப்பன் மட்டும் ஒன்றான அண்ணன் தங்கைக்கு 12.5 வீதம். ராணியும் சிங்கனும் சீசர் வழியில் அண்ணன் தங்கை, அதற்கு 12.5. லைக்கா வழியாக இன்னொரு தடவை சீசர் வருவதால் மேலும் 6.25. மொத்தம் 18.75 வீதம். வேறு ஆளின் நாய் என்று நம்பிச் சேர்த்த சேர்க்கை, தகப்பன் மட்டும் ஒன்றான அண்ணன் தங்கையைச் சேர்ப்பதைவிட நெருக்கமானது.

உண்மையில் இது குறைந்தபட்சக் கணக்கு. கொப்பியில் உள்ள தலைமுறைகளைத்தான் அது பார்க்கிறது. ஜேர்மன் ஷெப்பர்ட் இனமே 1899இல் மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபானிட்ஸ் பதிவேட்டில் முதலாவதாக எழுதிய ஹோராண்ட் என்ற கடுவனையும் அதன் பிள்ளைகளையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உருவாக்கப்பட்டது. இந்த இனத்தில் "உறவே இல்லாத நாய்" என்று நாம் சொல்வதெல்லாம் மூன்று நாலு தலைமுறைக்குள் உறவில்லாத நாய் என்பதுதான்.

குட்டிக்கூலி

கொப்பியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு விளங்கிய பெரிய விஷயம் இது. எங்கள் பக்கத்தில் கடுவன் விடுவதற்குக் கூலி காசு இல்லை, ஒரு குட்டி. கடுவன்காரர்தான் முதலில் வந்து தெரிவு செய்வார். கடுவன் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே பெட்டைக் குட்டியாகப் பார்த்து எடுப்பார். அது வளர்ந்தால் குட்டி போடும், காசு வரும். இப்படியே ஒவ்வொரு ஈற்றிலும் நல்ல மகள் ஒன்று தகப்பனின் வளவுக்குத் திரும்பிப் போகிறது. யாரும் தெரிந்து செய்த தப்பு இல்லை. கூலி கொடுக்கும் முறையே மகளைத் தகப்பனிடம் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறது. லைக்காவைப் போல இன்னும் இரண்டு பெட்டைகள் கலண்டரில் இருந்தன.

கடுவன் இல்லாத ஊர் என்று எல்லாரும் குறைப்பட்டார்கள். எண்ணிப் பார்த்தால் எங்கள் வட்டத்தில் வயதுக்கு வந்த ஆறு கடுவன்கள் நின்றன. ஐந்து சீசரின் மகனோ பேரனோ. எண்ணிக்கையில் ஆறு, இரத்தத்தில் இரண்டு.

எடுத்த முடிவுகள்

2022 டிசெம்பரில் ரீச்சர், முதலாளி, சிங்கனின் சொந்தக்காரர், இன்னும் இரண்டு வீட்டார், நான் எல்லாரும் ரீச்சர் வீட்டு முற்றத்தில் இருந்து பேசினோம்.

இனிமேல் குட்டி பெறாமலே விட்டுவிடலாம் என்று ரீச்சர் சொன்னார். அந்தக் குட்டி அவர் மடியில் செத்திருந்தது. அது தவறான முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்கள் தொடர விரும்பியதால் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

யாழ்ப்பாணத்தில் நல்ல கடுவன் ஒன்று இருந்தது. பேப்பரை வாங்கிப் பார்த்தால் சீசரின் கூடப்பிறந்தது. ராணிக்குச் சித்தப்பன் முறை, 12.5 வீதம். விட்டோம். பேப்பர் கேட்காமல் போயிருந்தால், தூர ஊர் என்ற நம்பிக்கையில் அதையும் சேர்த்திருப்போம்.

மாட்டுக்குப் போடுவது போல நாய்க்கும் ஊசி போட முடியாதா என்று எல்லாரும் என்னைக் கேட்டார்கள். நாயின் விந்தை எடுத்து அப்போதே ஏற்றுவதைப் பழகிய வைத்தியர் செய்யலாம். உறையவைத்த விந்து என்றால் கருப்பைக்குள்ளேயே கொண்டுபோய் விடவேண்டும், யோனியில் விட்டால் பலன் குறைவு. அதற்கான கருவியும் கைப்பழக்கமும் எங்களிடம் இல்லை. என் மாட்டுக் கருவி இதற்கு உதவாது.

ஊர் நாயோடு ஒரு தடவை கலந்தால் என்ன என்று சிங்கனின் சொந்தக்காரர் கேட்டார். சிரிக்கிற கேள்வி இல்லை அது. டல்மேஷன் இனத்தில் யூரிக் அமிலக் கோளாறை நீக்க 1973இல் ஒரே ஒரு தடவை பொயின்ரர் நாயோடு கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டல்மேஷனோடே சேர்த்துத் திருத்தினார்கள். அந்த வழியை அமெரிக்கக் கெனல் கிளப் 2011இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையையும் சோதித்து, எழுதி, பல வருஷம் தொடர ஆள் வேண்டும். சரியான ஒரு கொப்பியே இல்லாத எங்களுக்கு அது அடுத்த கட்டம்கூட இல்லை.

வவுனியாக் கடுவன்தான் மிஞ்சியது. அதன் சொந்தக்காரர் முதலில் மறுத்தார். இடையில் வேறொரு பெட்டையிடமிருந்து அவருடைய நாய்க்குச் சேர்க்கையால் தொற்றும் கட்டி வந்து, கிழமைக்கு ஒரு ஊசியாக ஆறு கிழமை மருந்து ஏற்றியிருக்கிறார். தெருவில் திரியும் நாய்கள் கூடிய எங்கள் பக்கத்தில் அந்தக் கட்டி அடிக்கடி காண்பது. கடுவன் தரமாட்டேன் என்கிறவர்களை நாங்கள் பேராசைக்காரர் என்று நினைப்பது வழக்கம். இவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ராணியை வைத்தியரிடம் காட்டி, எழுத்தில் வாங்கிக் கொடுத்தபிறகு ஒத்துக்கொண்டார். கூலி காசாகத்தான் வாங்குவேன் என்றார். எங்களுக்கு அதுவே தேவையாக இருந்தது.

ஆனால் எல்லாரும் வவுனியாவுக்கு ஓடினால் ஐந்து வருஷத்தில் இன்னொரு சீசர் உண்டாகிவிடும். அதனால் எங்கள் வட்டத்திலிருந்து ஒரு கடுவனுக்கு மூன்று பெட்டைக்கு மேல் விடுவதில்லை என்று முடிவெடுத்தோம். கூலி காசு, அல்லது கடுவன் குட்டி. பெட்டைக் குட்டி தகப்பன் வளவுக்குப் போகாது. தகப்பன்–மகள், தாய்–மகன், கூடப்பிறந்தவை எந்தக் காரணத்துக்கும் சேர்க்கப்படாது. பிரித்தானியக் கெனல் கிளப்பே 2009இலிருந்து அப்படிச் சேர்ந்த குட்டிகளைப் பதிவதில்லை.

சிங்கனை ஒதுக்கிவிடவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிங்கனின் கெழு 25 வீதமாக இருந்தாலும், உறவில்லாத பெட்டையோடு சேர்த்தால் குட்டிகளின் கெழு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். நெருக்கம் என்பது ஒரு நாயின் குற்றம் இல்லை, இரண்டு நாய்களுக்கு இடையிலான உறவு. மாங்குளத்தில் கொழும்பிலிருந்து வந்த பெட்டை ஒன்றுக்குச் சிங்கனை வைத்துக்கொள்வதென்று எழுதினோம்.

கடைசியாக, ஐந்து வீடும் காசு சேர்த்துப் புதிய இரத்தத்தில் ஒரு கடுவன் குட்டி வாங்கி, மாடு வாரத்துக்கு (பங்குக்கு) விடுவது போல ஒரு வீட்டில் விட்டு வளர்ப்பது என்றும் தீர்மானித்தோம். சாப்பாட்டுச் செலவு வளர்ப்பவருக்கு, தடுப்பூசிச் செலவு பொதுவில், கூலியில் பாதி வளர்ப்பவருக்கு.

பிறகு நடந்தது

2023 ஜனவரி வேட்கையில் ராணியைச் சேர்க்கவில்லை, ஓய்வு கொடுத்தோம். ஓகஸ்ற்றில் வவுனியாவில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சேர்க்கை. ஒக்ரோபரில் ஏழு குட்டி, ஏழும் தப்பின. கடுவன் குட்டிகள் நாலுக்கும் எட்டாம் கிழமைக்குள் இரண்டு விதையும் இறங்கியிருந்தன. பெட்டைகளில் ஒன்று மல்லாவிக்கும் ஒன்று மன்னார்ப் பக்கத்துக்கும் போனது, ஒன்றை ரீச்சர் வைத்துக்கொண்டார். இதுவும் ஒரு ஈற்றுத்தான். முந்தியதோடு ஒப்பிட்டு வெற்றி என்று எழுத எனக்கு மனமில்லை.

வாரத்துக் கடுவன் சரிவரவில்லை. 2023 மார்ச்சில் வாங்கிய குட்டி, பேப்பரில் மூன்று தலைமுறைக்குச் சீசர் வழியோடு தொடர்பில்லை. அருமையாக வளர்ந்தது. பதினைந்தாம் மாதம் பேராதனை மிருக வைத்தியப் போதனா மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தோம். இடப் பக்கக் கிண்ணம் ஆழமில்லை, தொடை எலும்பின் தலை அதற்குள் சரியாக அமரவில்லை. நடையில் ஒரு நொண்டலும் தெரியவில்லை. "நல்லாத்தானே ஓடுது, ஒரு ஈற்றாவது எடுப்பம்" என்று வளர்த்தவர் கேட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்த மனுஷன், பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. இடுப்புக் கோளாறு பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. வெளியே தெரியாத நாயும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும். இரத்தம் புதிது என்பதற்காகக் குறையைத் தெரிந்துகொண்டே பரப்ப முடியாது. விதை நீக்கி, அந்த வீட்டிலேயே காவலுக்கு நிற்கிறது.

சிங்கன்–மாங்குளம் ஈற்றில் ஆறு குட்டி, ஐந்து தப்பின. சீசர் 2023 கடைசியில் வயதுபோய் இறந்தது. ராணிக்கு 2024இல் கருப்பை அகற்றினோம்.

ஒரு வீட்டார் எங்கள் முடிவை மீறினார்கள். 2024இல் அண்ணன் தங்கையைச் சேர்த்து, குட்டிகளை வெளியூருக்கு விற்றார்கள். கேட்டபோது, வாங்குகிறவர் கேட்கவில்லையே என்றார்கள். அவர்களைக் கட்டுப்படுத்த எங்களிடம் ஒரு வழியும் இல்லை. குட்டி வாங்க வருகிறவரிடம் தகப்பன் பெயரைக் கேட்டுப் போங்கள் என்று சொல்வதை மட்டும் செய்கிறோம்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

பேப்பரைப் பார்க்கும் வேலை, வேட்கை வருவதற்கு ஆறு மாதம் முன்பே முடிந்திருக்கவேண்டும். இரத்தக் கசிவு தொடங்கியபிறகு கடுவன் தேடினால் கையில் கிடைப்பதுதான் கடுவன். 2022இல் பெற்றோல் இருந்திருந்தாலும் அந்த அவசரத்தில் வேறொரு பிழை விட்டிருப்போம். ஒரு வேட்கையைத் தவறவிடலாம் என்று ரீச்சரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆறேழு மாதம் பொறுப்பது பெட்டைக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

வாரத்துக் கடுவனை வாங்கியபோது தலைமுறைப் பேப்பரை மட்டும் பார்த்தோம். தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரே எடுத்ததா என்று கேட்கவில்லை. எடுக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே குட்டியில் எல்லாக் காசையும் போட்டதும் சரியில்லை. அடுத்தது இரண்டு குட்டி, இரண்டு வேறு இடத்திலிருந்து, இரண்டு வேறு வீட்டில் வளர்ப்பதாக இருக்கிறது.

கொப்பி இப்போது முதலாளியின் கடையில் இருக்கிறது. அவர்தான் எழுதுகிறார். போன கிழமை மல்லாவியிலிருந்து ராணியின் மகளுக்கு வேட்கை நெருங்குகிறது என்று கேட்டு வந்தார்கள். அவர் கொப்பியை எடுத்து, விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டு மேலே போய், வட்டத்துக்குள் நிற்கும் கடுவன் ஒன்றும் இதற்குச் சரிவராது, ஒரு வேட்கை விடுங்கோ, திருகோணமலையில் ஒரு நாய் இருக்காம், பேப்பரைக் கேட்டிருக்கிறன் என்று சொல்லி அனுப்பினார்.